வாடகைச் சம்பந்தி

ஜனவரி 14, செவ்வாய்

வெளியே மைனஸ் பதினொன்று. ஜுன்-மோ ஆறரைக்கே கிளம்பிவிட்டான். சியோலில் இப்படிக் குளிர் விழுந்தால் பாதி வீடுகளில் தரைக்கடியில் வெந்நீர் ஓட்டும் பாய்லர் நின்றுபோய்த் தரை சில்லிட்டுவிடும். அப்புறம் பேட்டை முழுக்க என் புருஷனைத்தான் கூப்பிடும். "பாய்லர் மெக்கானிக்கைக் கட்டிக்கிறவளுக்கு மார்ச் மாசம் வரைக்கும் புருஷன் கிடையாது, தங்கம்" என்று அத்தை எங்கள் கல்யாணத்துக்கு முன்பே சொன்னார். மாமியார் சொன்னதில் பொய்யே இல்லை.

பத்து மணிக்கு டைரக்டர் க்வாக் அம்மா போன் செய்தார். திரைக்கதையின் இரண்டாம் பாதியைப் படித்துவிட்டாராம்.

"சண்டை போடுறாங்க, சமாதானம் ஆகுறாங்க. மறுபடி சண்டை, மறுபடி சமாதானம். யூ-ரிம், இது படமா, என் பக்கத்து வீடா?"

புதுமணத் தம்பதியைப் பற்றிய காதல் நகைச்சுவைப் படம். எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகிறது என்பதற்காகவே என்னை எழுதக் கூப்பிட்டார். "சூடு ஆறுறதுக்குள்ள எழுது" என்றார் அப்போது. நானும் வீட்டில் நடப்பதை எல்லாம் எழுதித்தான் பார்க்கிறேன். ஆனால் எங்கள் சண்டை எல்லாம் ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவது, மிச்சக் கிம்ச்சி ஊறுகாயை மூடாமல் வைப்பது — இந்த அளவுதான். ஈரத் துண்டைப் பார்க்க யார் டிக்கெட் வாங்குவார்கள்?

ஃப்ரிட்ஜ் கதவில் திருமணப் பதிவுப் படிவம் தொங்குகிறது. எங்கள் இரண்டு பேர் விவரமும் எழுதியாயிற்று. சாட்சிகளுக்கான இரண்டு கட்டங்கள் மட்டும் காலி. மண்டபத்தில் என்னதான் தடபுடலாகக் கல்யாணம் நடந்தாலும், இந்தக் காகிதம் அலுவலகத்துக்குப் போகும்வரை சட்டத்தின் கண்ணில் நாங்கள் ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு பேர், அவ்வளவே. எல்லோரும்தான் தள்ளிப்போடுகிறார்கள். பிள்ளை பிறந்த பிறகு பதிகிறவர்களும் உண்டு.

"இந்த வாரம் போலாமா?" என்று காலையில் காலணி மாட்டும்போது ஜுன்-மோ கேட்டான்.

"அடுத்த வாரம்."

போன வாரமும் இதையேதான் சொன்னேன். ஏன் தள்ளுகிறேன்? அவன்மேல் சந்தேகமா — சேச்சே, அதெல்லாம் இல்லை. எழுதி முடித்த திரைக்கதையை அனுப்பவும் எனக்கு இப்படித்தான் கை வராது. கொடுத்துவிட்டால் பிறகு திருத்த முடியாதே.

ஜனவரி 17

ஈரத் துண்டு. மறுபடி. 31ஆம் காட்சியாகப் போட்டுவிட்டேன்.

ஜனவரி 30, வியாழன், டேகு

புத்தாண்டுக்கு நேற்று குன்சானில் மாமியார் வீடு. இன்று டேகுவில் என் அப்பா அம்மா வீடு. கல்யாணத்துக்குப் பிறகு முதல் புத்தாண்டு. விழுந்து வணங்கி வணங்கி முட்டி தேய்ந்துவிட்டது.

அப்பா உடற்பயிற்சி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. அரிசிப் பணியார சூப்பை வாயில் வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"சம்பந்தி இப்ப எந்தக் கடல்ல இருக்கார், மாப்பிள்ளை?"

ஜுன்-மோ கரண்டியைக் கீழே வைத்தான். "வியட்நாம் பக்கம்னு சொன்னாங்க, மாமா."

"புத்தாண்டுக்குக்கூட விடலையா! என்ன கம்பெனி அது? அடடா, என்ன மனுஷன்! கல்யாணத்தன்னிக்கு என்கூட ஒரு மணி நேரம் கணவாய் பிடிக்கிறதைப் பத்தியே பேசினார். தூண்டில்காரனோட மனசு தூண்டில்காரனுக்குத்தான் தெரியும். கரைக்கு வந்ததும் சொல்லு, நாங்க ரெண்டு பேரும் படகு எடுத்துட்டுப் போகணும்."

கிளம்பும்போது ஒரு பெட்டி ஆப்பிளை வண்டியில் ஏற்றினார். பெட்டியின்மேல் தடிமனான எழுத்தில் "சம்பந்திக்கு" என்று எழுதியிருந்தார்.

வழி முழுக்க ஜுன்-மோ அந்தப் பெட்டியையே திரும்பித் திரும்பிப் பார்த்தான். நானும்தான்.

இந்த நோட்டிலாவது ஒரு தடவை எழுதித் தொலைக்கிறேன். அந்தச் சம்பந்தி வாடகைக்கு வந்தவர்.

ஜுன்-மோவுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது அவன் அப்பா ஒரு நாள் வீட்டை விட்டுப் போனார். போனவர் போனவர்தான். அத்தை கருவாட்டுக் கடை வைத்து ஒற்றை ஆளாக அவனை வளர்த்தார். இருபது வருஷம் யார் முன்னாலும் தலை குனியாதவருக்கு, மகன் கல்யாண மேடையில் தன் பக்கத்து நாற்காலி காலியாக இருப்பதை மட்டும் தாங்க முடியவில்லை. கல்யாணத்துக்கு ஆள் அனுப்பும் கம்பெனிகள்தான் இருக்கின்றனவே. என் தோழி ஒருத்தி பன்னிரண்டு "கல்லூரித் தோழிகளை" அப்படி வரவழைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டாள். அத்தை ஒரு அப்பாவை வரவழைத்தார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு ஜுன்-மோ என்னிடம் சொன்னான். "நீ வேண்டாம்னா சொல்லு, நிறுத்திடறேன்." அத்தை இஷ்டம் என்று சொல்லிவிட்டேன். ஆக, என் பெற்றோரை ஏமாற்றியதில் எனக்கும் பங்கு உண்டு. மாப்பிள்ளையின் அப்பா கப்பலில் வேலை பார்க்கிறார் என்ற கதையும் நான் கட்டியதுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். இப்போது அந்தப் பூசணிக்காய்க்கு அப்பா ஆப்பிள் அனுப்புகிறார்.

ஒன்று மட்டும் எங்கள் நாடகத்தில் இல்லாதது. ஜுன்-மோ பெற்றோர் முன்னால் மண்டியிட்டு நெற்றி தரையில் பட வணங்கி எழுந்தபோது, அந்த மனிதர் அழுதுகொண்டிருந்தார். உட்காரவும் தலையாட்டவும்தான் அவருக்குச் சொல்லியிருந்தது. சத்தம் இல்லை, கண்ணீர் பாட்டுக்கு ஓடியது, துடைக்கவும் இல்லை. தேனிலவுக்கு ஜெஜு தீவுக்குப் போனபோது, கடலைப் பார்த்துக்கொண்டே ஜுன்-மோ சொன்னான்: "யாருன்னே தெரியாத மனுஷன், யூ-ரிம். எனக்காக ஒரு அப்பா அழுதுட்டார்." அதன்பிறகு அவன் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

பிப்ரவரி 6

எழுதிவிட்டேன்.

காலையில் உட்கார்ந்தவள் எழுந்தபோது மணி மூன்று. 58ஆம் காட்சி. மாப்பிள்ளை வீட்டார் வாடகைக்கு ஒரு அப்பாவைக் கூட்டிவருகிறார்கள். சும்மா உட்கார வேண்டிய ஆள், மாப்பிள்ளை வணங்கியதும் மண்டபமே அதிர ஓலமிட்டு அழுகிறார். மூக்கைச் சிந்துகிறார். மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். பெண்ணின் அப்பாவும் சேர்ந்து அழுகிறார். போட்டோகிராபரும் அழுகிறார். அப்புறம் இரண்டாம் பாதி முழுக்கப் பெண்ணின் அப்பா அந்தப் போலிச் சம்பந்தியைத் தேடி அலைகிறார்.

அனுப்பி ஒரு மணி நேரத்தில் க்வாக் அம்மாவின் போன். பேச முடியவில்லை அவரால், அப்படிச் சிரிப்பு. "எங்கேடி இருந்துச்சு இது இத்தனை நாளா! இதுதான் படம்! இதேதான்!"

இதைக் கேட்க நான் எத்தனை மாதமாகக் காத்திருக்கிறேன். சந்தோஷமாக இருக்கிறது. இருக்காதா பின்னே?

மாப்பிள்ளையைப் பல் டாக்டர் ஆக்கிவிட்டேன். ஊரையும் மாற்றியாயிற்று. யாருக்குத் தெரியப்போகிறது?

பிப்ரவரி 7

ஜுன்-மோவுக்குத் தெரியும். அதுதானே விஷயம்.

நேற்றே சொல்லியிருக்க வேண்டும். விறைத்த கையோடு வந்தான். சூடான தரையில் குப்புறப் படுத்து, "ஆகா, என் பாய்லர் மாதிரி வருமா" என்று தன்னையே மெச்சிக்கொண்டான். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது?

சாக்கு. வேறென்ன.

ஏப்ரல் 22, செவ்வாய்

58ஆம் காட்சி இன்று எடுத்தார்கள். எல்லாக் கல்யாண மண்டபமும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது. எங்கள் மண்டபத்திலேயே நிற்பதுபோல் இருந்தது. வாடகை அப்பாவாக நடித்தவர் நாடக மேடையில் பழகியவர். மூன்றாவது டேக்கில் மூக்குச் சிந்திய துண்டையே மாப்பிள்ளைக்கு நீட்டினார். விளக்குப் பிடித்தவர் சிரித்துச் சிரித்து விளக்கே ஆடிவிட்டது.

நானும் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 9

"படத்துல நான் வர்றேனா, ரைட்டர் மேடம்?" என்று பல் விளக்கிக்கொண்டே கேட்டான்.

"நீ வந்தா படம் ஓடாது."

சிரித்தான். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 3

அறுவடைத் திருநாளுக்கு அப்பாவிடமிருந்து மறுபடி ஒரு பெட்டி ஆப்பிள். "சம்பந்திக்கு — கணவாய் சீசன் வந்தாச்சு!" என்று இந்த முறை ஒரு மீன் படம் வேறு வரைந்திருக்கிறார். மீனுக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது. ஜுன்-மோ அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாமாகிட்ட சொல்லிடலாமா?" என்றான்.

"சொல்லலாம். ஆனா எப்படி?"

இரண்டு பேருக்கும் தெரியவில்லை. போன தடவைபோலவே பெட்டியைக் குன்சானுக்கு எடுத்துப் போனோம். அத்தை வாங்கி உள்ளே வைத்தார்.

படிவம் அங்கேயேதான் தொங்குகிறது. நாளையோடு கல்யாணமாகி ஒரு வருஷம்.

அக்டோபர் 21, செவ்வாய்

டிரெய்லர் வந்துவிட்டது.

இன்று சொல்லிவிடலாம் என்று கோழி வாங்கி வைத்திருந்தேன். ஜுன்-மோ நாலு மணிக்கே வந்துவிட்டான். சீசனில் அவன் நாலு மணிக்கு வந்ததே கிடையாது. காலணியைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று பேசினான்.

"இன்னிக்கு ஒரு வீட்ல ஃபில்டரைக் கழுவிட்டிருந்தேன். அந்த வீட்டம்மா போனை நீட்டி, 'தம்பி இதைப் பாருங்களேன், சிரிச்சு சிரிச்சு வயிறு புண்ணாயிடுச்சு'ன்னாங்க. பார்த்தேன். நானும் சிரிச்சேன். வாடிக்கையாளர் சிரிக்கிறப்ப சிரிக்கணுமே."

"ஜுன்-மோ, நான் இன்னிக்கு சொல்லலாம்னுதான்—"

"எத்தனை மாசமா?"

பிப்ரவரி என்றேன். அவன் விரல் விட்டு எண்ணினான். நிஜமாகவே எண்ணினான். எட்டு விரல்.

"அதை நான் என் பொண்டாட்டிகிட்ட சொன்னேன், யூ-ரிம். ரைட்டர்கிட்ட சொல்லலை."

கத்தியிருந்தால் தேவலை. நானும் கத்தியிருப்பேன். அவன் குரலே உயரவில்லை. "அம்மா வீட்டுப் பாய்லரைப் பார்க்கணும்" என்று சொல்லிக் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு குன்சானுக்குப் போய்விட்டான். அந்தப் பாய்லரைப் போன மாதம்தான் பார்த்தான்.

பாவி நான். அந்த மனுஷர் சத்தமே போடாம அழுதார். அவரை மூக்குச் சிந்த வெச்சுட்டேனே. அதுதான் சிரிப்பு வரும்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் எழுதினேன். என்னை எதால அடிக்கிறது?

அக்டோபர் 22

ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் மட்டும் இருக்கிறது. படிவம் இல்லை.

அலமாரி, குப்பைக் கூடை, சோபாவுக்கு அடியில், எல்லா இடமும் பார்த்துவிட்டேன். எடுத்துப்போயிருக்கிறான். கிழித்துப் போடவா? இதுவரை அது வெறும் காகிதமாகத்தான் தொங்கியது. நாளைக்கே பிரிந்துபோனால் விவாகரத்துகூடத் தேவையில்லை. அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனால் போதும், முடிந்தது கதை. ஒரு வருஷமாக "அடுத்த வாரம்" சொன்னவள் நான்தான்.

அக்டோபர் 24

க்வாக் அம்மாவிடம் போனேன். 58ஆம் காட்சியை நீக்கிவிட முடியுமா என்று கேட்டேன். ஏன் என்றார். சொன்னேன், எல்லாவற்றையும்.

கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அதை எடுத்தா படத்துக்கு முதுகெலும்பே இல்லை. அடுத்த மாசம் ரிலீஸ். முடியாதும்மா." பிறகு, "இது உன் வீட்டுக் கதைன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் முதல் போன் உன் புருஷனுக்குத்தான் பண்ணியிருப்பேன். பேரை மாத்திட்டா திருடினது இல்லைன்னு ஆயிடுமா? முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். என் முதல் படத்தைப் பார்த்துட்டு என் அக்கா இன்னிவரைக்கும் என்கூடப் பேசலை" என்றார்.

ஒரு கப் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அக்டோபர் 28

ஒரு வாரம் கழித்து ஜுன்-மோவின் போன்.

"அம்மாகிட்ட நான் சொல்லிட்டேன். உங்க அப்பாகிட்ட நீ சொல்லு. அவர் தியேட்டர்ல உட்கார்ந்து தெரிஞ்சுக்கக் கூடாது."

"சரி."

"போன்ல இல்லை. நேர்ல."

"சரி. ஜுன்-மோ, அந்தப் படிவம்—"

வைத்துவிட்டான்.

நவம்பர் 1, சனி, டேகு

வேக ரயிலில் வரும்போது வசனம் எழுதி எழுதி அழித்தேன். ஒன்றும் உதவவில்லை. அப்பா தொலைக்காட்சியில் தூண்டில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்து, போலிச் சம்பந்தி, கப்பல் கதை, படம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

அப்பா முதலில் கேட்டது: "அப்ப என் ஆப்பிளை எல்லாம் யார் தின்னா?"

அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். "எனக்கு அன்னிக்கே சந்தேகம். கப்பல்ல வேலை பார்க்கிறவர் முகம் அவ்வளவு வெளுப்பாவா இருக்கும்?"

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே!" என்று அப்பா திரும்பினார்.

"கேட்டா யாருக்கு அசிங்கம்? அந்தச் சம்பந்தி அம்மாவுக்குத்தானே. ஒத்தையா பிள்ளையை வளர்த்தவங்க, ஒரு நாள் நாற்காலி நிறைஞ்சு இருக்கட்டுமேன்னு ஆசைப்பட்டிருக்காங்க. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

ஒரு வருஷமாகத் தெரிந்திருக்கிறது அம்மாவுக்கு. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. நானோ தெரிந்ததை நாடு முழுக்கத் திரையில் போடுகிறேன்.

அப்பா தொலைக்காட்சியை அணைத்தார். "பொய் சொன்னதைக்கூட விடு. எனக்கு இந்த வயசுல ஒரு சினேகிதன் கிடைச்சான்னு நினைச்சேன்டி" என்றார். குரல் சின்னதாகிவிட்டது. அப்பாவுக்கு அப்படி ஒரு குரல் உண்டு என்றே எனக்குத் தெரியாது. தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் நான் கிளம்பும்வரை வரவில்லை.

நவம்பர் 15, சனி, குன்சான்

குளிர்காலத்துக்குக் கிம்ச்சி போடும் நாள். அத்தை வரச் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. வந்துவிட்டேன். முற்றத்தில் அறுபது முட்டைகோஸ் உப்பில் ஊறிக் கிடந்தது. ஜுன்-மோ கழுவிக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். ஒரு ஜோடி ரப்பர் கையுறையை என் பக்கம் தள்ளிவிட்டு மறுபடி கழுவப் போனான்.

அத்தையும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து இலை இலையாக மசாலா பூசினோம். பத்தாவது முட்டைகோஸில் அவர் ஆரம்பித்தார்.

"ஜுன்-மோ சொன்னப்போ மூணு நாள் கடையைத் திறக்கலை" என்றார். "மானம் போச்சேன்னு உள்ளேயே படுத்துக் கிடந்தேன். நாலாம் நாள் திறந்துட்டேன். கருவாட்டுக்கு மானமா அவமானமா? வித்தாகணும்."

"மன்னிச்சிடுங்க, அத்தை."

"என்னைக் கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்." நிமிர்ந்து பார்த்தார். "அதனாலதானே நீ கேட்கலை?"

இதுவரை எவ்வளவோ காரணம் யோசித்திருந்தேன். பேர் மாற்றினேன், ஊர் மாற்றினேன், அவசரம், வேலை. அவர் முகத்தைப் பார்த்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

"ஆமா அத்தை. அதனாலதான்."

"ம். இதையாவது பொய் சொல்லாம சொன்னியே. முள்ளங்கியை இந்தப் பக்கம் நகர்த்து."

கொஞ்ச நேரம் கழித்து, அப்பா கேட்டதைக் கேட்டேன், அந்த ஆப்பிள் எல்லாம் என்ன ஆயிற்று என்று.

"அவருக்குத்தான் அனுப்பினேன். போங் சாங்-குக்னு பேர். இங்கே பக்கத்துல இக்சான்லதான் இருக்கார், பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். ரெண்டு பெட்டியையும் பார்சல்ல போட்டுவிட்டேன்."

"ஏன்?"

"ஏனாவது? 'சம்பந்திக்கு'ன்னு எழுதியிருந்துச்சு. அன்னிக்குச் சம்பந்தியா உட்கார்ந்தது அவர்தானே. அடுத்தவங்க பேர்ல வந்ததை நான் எப்படித் திங்கிறது? அவர் பதிலுக்கு உலர்ந்த பெர்சிமன் பழம் அனுப்பினார். 'வேலைக்கு வந்த இடத்துல அழுதது தப்பு, கம்பெனிகிட்ட சொல்லிடாதீங்க'ன்னு ஒரு சீட்டு வெச்சு."

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை விரலை நீட்டினார். "இதை எழுதினே, இந்த முட்டைகோஸோட சேர்த்து உன்னையும் ஜாடியில போட்டு மூடிடுவேன்."

படத்தில் எழுதக் கூடாது என்றுதான் சொல்லியிருப்பார் என்று எடுத்துக்கொண்டு இங்கே எழுதுகிறேன்.

மத்தியானம் ஜுன்-மோ பாய்லருக்கு அடியில் படுத்துக்கொண்டு, "பன்னிரண்டு நம்பர் ஸ்பேனர் எடு" என்று கையை நீட்டினான். அன்றைக்கு அவன் பேசிய முதல் பேச்சு. கருவிப் பெட்டியைத் திறந்தேன். மேல் தட்டில், எண்ணெய் படாமல் பிளாஸ்டிக் உறைக்குள், அந்தப் படிவம். ஒரு மடிப்புகூட இல்லை.

ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். அவன் அதை வாங்கவில்லை, என் முகத்தையே பார்த்தான். "அழாதே, மசாலாக் கையால கண்ணைத் தொட்டுடுவே" என்றான்.

நவம்பர் 17

அப்பா அத்தைக்குப் போன் செய்து போங் ஐயாவின் நம்பரை வாங்கியிருக்கிறார். அத்தைதான் சொன்னார். என்னிடம் அப்பா இன்னும் பேசவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

அப்பாவின் போன்! குன்சான் துறைமுகத்திலிருந்து. காற்று இரைச்சலில் இன்னும் உரக்கக் கத்தினார். இரண்டு பேரும் காலையில் படகில் போயிருக்கிறார்கள். அப்பாவுக்கு ஏழு கணவாய், போங் ஐயாவுக்குப் பத்தொன்பது.

"பொய்யில்லைடி, மனுஷன் நிஜமாவே தூண்டில்காரன்! கப்பல் மட்டும்தான் பொய்!"

"அப்பா, அவர் அன்னிக்கு ஏன் அழுதாராம்?"

"கேட்டேன். சொன்னார்."

"என்னவாம்?"

"உன்கிட்ட சொல்ல மாட்டேன். நீ எழுதிடுவே."

கோபமாகச் சொல்லவில்லை. வெயிலடிக்கிறது, மழை பெய்கிறது என்பதுபோலச் சொல்லிவிட்டு வைத்தார்.

நவம்பர் 26, புதன்

படம் ரிலீஸ். ஜுன்-மோ குன்சானிலிருந்து மதியக் காட்சிக்கு வந்தான். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். 58ஆம் காட்சியில் தியேட்டர் குலுங்கியது. என் பேர் திரையில் வந்தது. இந்த நாளுக்காகத்தான் பத்து வருஷம் எழுதினேன். நான் திரையைப் பார்க்கவே இல்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும், "பல் டாக்டர் நல்லா இருக்கான்" என்றான். கொஞ்சம் நடந்த பிறகு, "அவர் இப்படி அழலை" என்றான்.

"தெரியும்."

"இனிமே கேட்டுட்டு எழுது."

"நீ வேண்டாம்னு சொன்னா?"

"வேண்டாம்னு சொல்றதுக்குத்தானே கேட்கச் சொல்றேன்."

வீட்டுக்கு வந்து ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டான். நான் எடுத்து உலர்த்தினேன். பாய்லரைத் திருகிவிட்டு, ஒரு மாதத்தில் நான் கெடுத்து வைத்திருப்பதாக அரை மணி நேரம் திட்டினான்.

டிசம்பர் 5, வெள்ளி

காலையில் அலுவலகத்தில் படிவத்தைக் கொடுத்தோம்.

முதல் சாட்சி: பியோ தொக்-சூ, டேகு. அப்பாவின் கையெழுத்து கட்டத்தைத் தாண்டிப் பக்கத்துக் கோட்டையும் தொட்டிருந்தது. இரண்டாம் சாட்சி: போங் சாங்-குக், இக்சான். இது ஜுன்-மோவின் யோசனை. போன வாரம் தானே படிவத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், அரை நாள் இருந்துவிட்டு வந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அலுவலகத்துப் பெண் ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துச் சரிபார்த்தாள். சாட்சி நமக்கு என்ன உறவு என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. "எல்லாம் சரியா இருக்கு, வாழ்த்துகள்" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாள். ஐந்து நிமிஷ வேலை. இதற்கா ஒரு வருஷம்?

திரும்பும்போது பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தோம். ஆற்றங்கரையில் காற்று காதை அறுத்தது. பாதி வழியில், நான் கேட்காமலே, ஜுன்-மோ ஆரம்பித்தான். போங் ஐயா அன்று ஏன் அழுதார் என்று, அவர் சொன்னதை எல்லாம், ஒன்று விடாமல் என்னிடம் சொன்னான். வீட்டு வாசல் வரும்வரை சொன்னான்.

அதை இங்கே நான் எழுதவில்லை.